முதல் ஸ்கூபா சாதனங்கள்: ஐம்பதாயிரத்துக்குள் எதை வாங்குவது, எதை விட்டுவிடுவது?

4 பிப்ரவரி 2023 (கேள்வி)

சென்னையில் வசிக்கிறேன். ஓப்பன் வாட்டர் என்ற அடிப்படை டைவிங் சான்றிதழ் வாங்கி ஓராண்டு ஆகிறது. புதுச்சேரியிலும் அந்தமானின் ஸ்வராஜ் தீவிலுமாக 11 டைவ் முடித்திருக்கிறேன். சொந்தச் சாதனம் வாங்குவதற்காக 50,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். ஊரை விட்டுப் போகும் ஒருவர் தம்முடைய பிசிடி (மிதப்பைச் சரிசெய்யும் காற்றுப்பைச் சட்டை), ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் கருவி), ஃபின் (காலில் அணியும் துடுப்பு), வெட்சூட் (குளிர் தாக்காமல் காக்கும் ரப்பர் உடை) நான்கையும் சேர்த்து 45,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கி ஐந்து ஆண்டாகிறதாம், நூறு டைவ்கூட ஆகவில்லையாம். புதிதாக வாங்கினால் இதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். வாங்கிவிடலாமா அண்ணா?

5 பிப்ரவரி 2023

வாங்காதீர்கள் தம்பி. விலை மலிவு என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அந்த நான்கில் நீங்கள் முதலில் வாங்க வேண்டியது ஒன்றுகூட இல்லை. உங்களுக்கு அவசியமான இரண்டு பொருள்கள் அந்தத் தொகுதியில் இல்லை.

நம் பக்கத்தில் டைவ் செலவு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை முதலில் பாருங்கள். புதுச்சேரியிலும் ஸ்வராஜ் தீவிலும் நிலையங்கள் வாங்கும் தொகைக்குள்ளேயே படகு, வழிகாட்டி, சிலிண்டர், எடைக்கட்டி ஆகியவற்றோடு பிசிடி, ரெகுலேட்டர், வெட்சூட் ஆகியவற்றின் வாடகையும் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. சொந்தச் சாதனத்தோடு போனால் கொஞ்சம் குறைப்பார்கள். சில இடங்களில் அதுவும் இல்லை. ஆண்டுக்கு எட்டு, பத்து டைவ் செய்கிற ஒருவர் அந்தத் தள்ளுபடியைக் கொண்டு 45,000 ரூபாயை மீட்டெடுப்பதற்குள் பிசிடியின் காற்றுப்பை நைந்துபோயிருக்கும்.

ஆகவே, நிலையத்தில் கிடைப்பதால் ஈடுகட்ட முடியாதது எதுவோ அதையே முதலில் வாங்க வேண்டும் என்பது என் கருத்து. முதலில் மாஸ்க், அடுத்து டைவ் கம்ப்யூட்டர் (உடலில் கரையும் நைட்ரஜனைக் கணக்கிட்டு, அந்த ஆழத்தில் இன்னும் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று காட்டும் கைக்கருவி), அதன் பிறகு ஃபின். மற்றவை காத்திருக்கட்டும்.

5 பிப்ரவரி 2023, இரவு

மாஸ்க்கைப் பற்றிக் காலையில் ஒரு சொல்லோடு கடந்துவிட்டேன், அது சரியில்லை. என்னுடைய முதல் இருபது டைவ்களில் பாதி, மாஸ்க்குக்குள் புகுந்த தண்ணீரை வெளியேற்றுவதிலேயே கழிந்தது. மீனைப் பார்த்த நினைவை விட மூக்கெரிச்சலின் நினைவுதான் அதிகம்.

கடையில் மாஸ்க்கின் பட்டையை முன்பக்கமாகத் தூக்கிவிட்டு, முகத்தை மேல்நோக்கி வைத்து, மாஸ்க்கை முகத்தின் மேல் சும்மா வையுங்கள், அழுத்த வேண்டாம். விளிம்பில் எங்கேனும் இடைவெளி இருக்கிறதா என்று கூட வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மூக்கால் மெல்ல மூச்சை இழுத்து, தலையைக் குனியுங்கள். மாஸ்க் தானாக ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. மீசை வைத்திருப்பவர்களுக்கு மூக்கின் அடியில் கசியும். மூக்கை ஒட்டிய ஓரத்தை மட்டும் சில மில்லிமீட்டர் மழித்துக்கொண்டால் கசிவு பெரிதும் நின்றுவிடும். வாஸ்லின் தடவச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அது சிலிக்கோனைக் கெடுக்கும்.

புது மாஸ்க்கின் கண்ணாடியில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும். சாதாரண வெள்ளைப் பற்பசையை உட்பக்கம் வைத்து விரலால் இரண்டு மூன்று முறை நன்றாகத் தேய்த்துக் கழுவாவிட்டால், எந்தத் திரவம் போட்டாலும் பனி படியும்.

நீங்கள் மூக்குக் கண்ணாடி அணிபவரா என்று சொல்லவில்லை. அணிபவர் என்றால், இரண்டு கண்ணாடிகள் தனித்தனியாக உள்ள மாஸ்க்கில், பவர் உள்ள வில்லைகளை மாற்றிப் பொருத்தக்கூடிய மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள். அவை அரை அரைப் படியாகக் கிடைக்கும். உங்கள் பவர் இரண்டு படிகளுக்கு இடையில் விழுந்தால் குறைந்ததை எடுங்கள். நீருக்கடியில் பொருள்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிவதால் அது போதும்.

8 பிப்ரவரி 2023

"வழிகாட்டியின் கையில் கம்ப்யூட்டர் இருக்கும்போது எனக்கு எதற்கு? அந்தப் பணத்துக்குப் பாதி பிசிடி வந்துவிடுமே" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் இரண்டு ஆண்டுகள் இருந்தேன்.

2017இல் ஸ்வராஜ் தீவில், அன்றைய இரண்டாவது டைவ். அன்று முதல் முறையாக இரவல் கம்ப்யூட்டர் ஒன்றைக் கட்டியிருந்தேன். வழிகாட்டி பாறையின் மேல்விளிம்பில் சுமார் 16 மீட்டரில் போய்க்கொண்டிருந்தார். நான் கீழே ஒரு சிங்கமீன், அதன் துடுப்புகளை விசிறிபோல விரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபடி 21 மீட்டரில் இருந்தேன். வழிகாட்டி தம் கையிலிருந்த கம்ப்யூட்டரை நீட்டிக் காட்டினார்: இன்னும் 30 நிமிடத்துக்கு மேல் இருக்கலாம் என்றது. என் கையைப் பார்த்தேன்: 12. நாங்கள் இருவரும் ஒரே படகில், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் குதித்தவர்கள். ஆனால் காலையில் நடந்த டைவிலும் நான் அவரை விட ஆழத்தில் இருந்திருக்கிறேன். அவருடைய உடலில் கரைந்த நைட்ரஜன் வேறு, என் உடலில் கரைந்தது வேறு. அவருடைய கம்ப்யூட்டருக்கு என்னைப் பற்றி எதுவும் தெரியாது.

பயிற்சியில் நமக்குக் கொடுத்த, பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் அட்டவணையையே எடுத்துக்கொள்ளுங்கள். 18 மீட்டரில் 56 நிமிடம் இருக்கலாம். 22 மீட்டரில் 37. 30 மீட்டரில் 20. நான்கு மீட்டர் இறங்கியதும் 19 நிமிடம் போய்விடுகிறது. மேலே ஏறும் வேகத்தைக் கண்காணிப்பதும், 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பதை எண்ணித் தருவதும், விமானம் ஏறும் முன் காத்திருக்க வேண்டிய நேரத்தைக் காட்டுவதும் அதே கருவிதான். அந்தமானிலிருந்து சென்னைக்குத் திரும்புகிறவர்களுக்குக் கடைசியாகச் சொன்னது முக்கியம்: பல டைவ் செய்தவர் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

வண்ணத் திரையும் கைபேசி இணைப்பும் வேண்டாம். கிரெஸ்ஸி லியோனார்டோ, சூன்டோ ஸூப் போன்ற எளிய கருவி போதும். லியோனார்டோவில் ஒரே ஒரு பொத்தான். பேட்டரியை நாமே மாற்றிக்கொள்ளலாம். பழையதாக வாங்கினால் பேட்டரி மூடியைத் திறந்து, உள்ளே பச்சையோ வெண்மையோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பூத்திருந்தால் கடல் நீர் உள்ளே போய் வந்திருக்கிறது.

9 பிப்ரவரி 2023

நேற்றைய குறிப்பில் ஒரு திருத்தம். நான் எழுதிய 56, 37, 20 நிமிடங்கள் அன்றைய முதல் டைவுக்கு மட்டுமே உரியவை. இரண்டாவது டைவுக்கு இடைவேளையைப் பொறுத்து அவை குறையும். இதைச் சேர்க்காமல் எழுதியது பிழை. தயவுசெய்து யாரும் அந்த எண்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு போக வேண்டாம்.

12 பிப்ரவரி 2023

முழு முகத்தையும் மூடும் ஸ்னார்க்கல் மாஸ்க் பற்றி வேறொருவர் கேட்டிருக்கிறார். அது நீர்ப்பரப்பில் மிதந்து பார்ப்பதற்கானது. ஸ்கூபாவில் இறங்கும்போது மூக்கைப் பிடித்துக் காதின் அழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டும். அதில் மூக்கைப் பிடிக்க வழியில்லை, ரெகுலேட்டரை வாயில் வைக்கவும் வழியில்லை. மலிவு என்பதற்காக அதை வாங்காதீர்கள்.

19 பிப்ரவரி 2023

தம்பி கேட்டுக்கொண்டதால், அந்தப் பழைய தொகுதியை நேரில் பார்க்க நேற்று அவரோடு போயிருந்தேன். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

ரெகுலேட்டரை எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது, சிலிண்டரோடு இணையும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் வாய். சிலிண்டரிலிருந்து காற்று நுழையும் இடத்தில், கொத்தமல்லி விதை அளவில், வெண்கலத் துகள்களை அழுத்திச் செய்த வடிகட்டி ஒன்று இருக்கும். அது மங்கிய பொன்னிறத்தில் இருக்க வேண்டும். கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தோம். ஒரு பக்கம் முழுவதும் பழைய செம்புக் குடத்தின் அடியில் பூக்குமே, அந்தப் பச்சை. நகத்தால் தொட்டதும் மாவாக உதிர்ந்தது. கடல் நீர் உள்ளே போயிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. மூடியைப் போடாமல் கழுவியிருப்பார்கள், அல்லது கழுவும்போது, வாயில் வைக்கும் பகுதியான செகண்ட் ஸ்டேஜின் பொத்தானை அழுத்தியிருப்பார்கள். வடிகட்டி செம்பழுப்பாக இருந்தால் எஃகுச் சிலிண்டரின் துரு. கருத்திருந்தால் காற்று நிரப்பும் எந்திரத்தின் கரியாக இருக்கலாம். மூன்றில் எதுவானாலும் முழுமையாகப் பிரித்துச் சர்வீஸ் செய்யாமல் அதைத் தண்ணீரில் இறக்கக் கூடாது.

அதில் நூல் பின்னல் போட்ட மெல்லிய ஹோஸ்கள் (காற்றுக் குழாய்கள்) இருந்தன. வளைந்து கொடுப்பதால் பலருக்கும் பிடிக்கும். ஆனால் இந்த வகையில் சில பழைய ஹோஸ்களுக்குள், வெப்பமான ஊர்களில், உள்குழாய் சிதைந்து படிகம் கட்டிக் காற்றை அடைத்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பழைய ரெகுலேட்டரில் அந்த ஹோஸ் இருந்தால், புது ஹோஸ்களின் விலையையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

பிசிடியை வாயால் ஊதி, முழுதாக உப்பவைத்து, ஓர் இரவு வைத்துப் பார்க்க அனுமதி கேட்டோம். விற்பவர் மறுத்தார். அரை மணி நேரத்திலேயே வலது தோள்பட்டைப் பக்கம் தளர்ந்தது. வெட்சூட் தம்பிக்கு இரண்டு அளவு பெரிது.

விற்பவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. நூறு டைவ் ஆகவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். பயன்படுத்தியதால் கெடும் சாதனங்களை விட, கழுவாமல் மூட்டை கட்டி மொட்டைமாடி அறையில் போட்டுவைத்ததால் கெடும் சாதனங்கள் நம் ஊரில் அதிகம். ரெகுலேட்டர் டின் (DIN) வகையாக இருந்தது மட்டும் எனக்குப் பிடித்தது. புதிதாக வாங்குகிறவர்கள் டின் வகையே வாங்குங்கள், சிலிண்டரோடு திருகு மரையில் உறுதியாக உட்காரும்.

எதையும் வாங்காமல் திரும்பினோம்.

3 மார்ச் 2023

ஃபின் பற்றி. பாதம் முழுவதும் நுழையும் செருப்பு வகையை வாங்கும்படி தம்பியிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். விலை குறைவு, எடை குறைவு, நம் கடலின் வெப்பத்துக்குப் பூட்ஸ் தேவையில்லை என்பது என் வாதம். படகிலிருந்து மட்டும் குதிப்பவருக்கு அது இன்றும் பொருந்தும். ஆனால் ஸ்வராஜ் தீவின் நீமோ ரீஃப் போன்ற கரை டைவ்களில், உடைந்த பவளத்துண்டுகள் கிடக்கும் ஆழமற்ற நீரில் பத்துக் கிலோவுக்கு மேல் சுமையை முதுகில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு நடக்க வேண்டும். ஒரு முறை குதிகாலைக் கிழித்துக்கொண்டு மீதி மூன்று நாளும் கரையில் உட்கார்ந்திருந்தவன் நான். அதை எப்படி மறந்து சொன்னேன் என்று தெரியவில்லை. பூட்ஸோடு அணியும் திறந்த குதிகால் ஃபின்னே நல்லது. ரப்பர் பட்டைக்குப் பதிலாக ஸ்பிரிங் பட்டை கிடைத்தால், ஆடும் படகில் குனிந்து இழுத்துக் கட்டும் வேலை மிச்சம்.

4 மார்ச் 2023

பத்துக் கிலோ என்று நேற்று எழுதியது குறைவு. நம் நிலையங்களில் பரவலாக உள்ள 11.1 லிட்டர் அலுமினியச் சிலிண்டர் காலியாக இருக்கும்போதே 14 கிலோவைத் தாண்டும். 207 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் காற்றே இரண்டரைக் கிலோவுக்கு மேல் சேரும். எடைக்கட்டி தனி. பூட்ஸின் தேவை இதனால் இன்னும் வலுக்கிறது.

சிலிண்டரும் சொந்தமாக வாங்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். காற்று நிரப்ப நிலையத்துக்குத்தான் போக வேண்டும், அங்கே சிலிண்டர் தொகையிலேயே அடங்கியிருக்கிறது. பழைய சிலிண்டரைத் தள்ளுபடியில் வாங்குவது ஆபத்தும்கூட. 1980களின் இறுதி வரை சில நிறுவனங்கள் பயன்படுத்திய 6351 என்ற அலுமினியக் கலவையில், கழுத்துப் பகுதியில் விரிசல் விழுந்து வெடித்த சம்பவங்கள் உண்டு.

18 ஜூன் 2023

வெட்சூட் வாங்கும் ஆசை தம்பிக்கு வந்திருக்கிறது. வங்கக் கடலின் வெப்பத்துக்கு 3 மில்லிமீட்டர் தாராளம். பலருக்கு நீளக்கை ரேஷ்கார்டும் (மெல்லிய நீச்சல் சட்டை) லெக்கிங்ஸும் போதும், ஜெல்லிமீன் தீண்டலிலிருந்தும் அவை காக்கும். பலர் அணிந்த வாடகை வெட்சூட்டை அணிய மனம் ஒப்பவில்லை என்றால் உள்ளே அந்த ரேஷ்கார்டை அணிந்துகொள்ளுங்கள்.

வாங்கியே தீர்வது என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள்: நியோப்ரீன் என்பது காற்றுக் குமிழிகள் நிறைந்த ரப்பர். புதுசு கூடுதலாக மிதக்கும், பழையது தட்டையாகி மிதப்பை இழக்கும். ஆகவே நிலையத்துப் பழைய வெட்சூட்டுக்குப் போட்ட எடை, உங்கள் புது வெட்சூட்டுக்குப் போதாது. முதல் டைவில் எடையைச் சரிபார்க்காமல் இறங்காதீர்கள்.

29 அக்டோபர் 2023

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. புதுச்சேரியில் இனிக் கடல் அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். பலர் அந்தமானுக்குச் சீட்டு எடுத்திருப்பதால் எடைக் கணக்கு ஒன்று. உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் 15 கிலோதான் அனுமதி. என் சாதனங்களை வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன்: பிசிடி 3.6, ரெகுலேட்டர் 2.4, ஃபின்னும் பூட்ஸும் 3.1, வெட்சூட் 1.7, மற்றவை 1.2. மொத்தம் 12 கிலோ. துணிமணிக்கு மூன்று கிலோ மிஞ்சுகிறது. மாஸ்க், கம்ப்யூட்டர், ஃபின், பூட்ஸ் மட்டும் உள்ளவருக்கு நான்கு கிலோ கூட வராது. முதலில் சொன்ன வரிசைக்கு இதுவும் ஒரு காரணம்; பிப்ரவரியில் இதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

மாஸ்க்கையும் கம்ப்யூட்டரையும் கைப்பையில் வையுங்கள். கத்தி மட்டும் பெரிய பையில் போக வேண்டும். கத்தி எதற்கு என்று கேட்காதீர்கள்; நம் கடலில் அறுந்து கைவிடப்பட்ட மீன்வலைகள் எங்கே கிடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நரம்பு வலை கலங்கிய நீரில் கண்ணுக்கே தெரியாது. கைக்கடங்கிய வலை வெட்டி ஒன்று, விசில் ஒன்று, நீர்ப்பரப்பில் நம் இடத்தைக் காட்டும் ஆரஞ்சு நிற மிதவைக் குழல் ஒன்று, இந்த மூன்றும் வாடகைத் தொகுதியில் பெரும்பாலும் இருக்காது.

14 ஜனவரி 2024

டின் வகை பற்றி 19 பிப்ரவரியில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். டின் உறுதியானது என்பதில் மாற்றமில்லை. ஆனால் நம் படகுகளில் உள்ள சிலிண்டர்களில் பெரும்பாலானவை மேலிருந்து கவ்விப் பிடிக்கும் யோக் வகைக்கானவை. பலவற்றின் வால்வுக்குள் இருக்கும் செருகலை ஆலன் சாவியால் கழற்றினால் டின் பொருந்தும். உப்பிறுகிய செருகல் அசையாது. அப்போது இடைக்கருவி போட வேண்டும். போட்டால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் முன்னே தள்ளிக்கொண்டு வந்து பின்மண்டையில் இடிக்கிறது. சென்ற வாரம் இரண்டு நாள் முழுக்க எனக்கு அதுதான் நடந்தது. தமிழ்நாட்டுக் கரையிலும் அந்தமானிலும் மட்டும் டைவ் செய்பவர் யோக் வகையே வாங்கட்டும். பிற்காலத்தில் மாற்றிக்கொள்ள உறுப்புகள் கிடைக்கும்.

ரெகுலேட்டர் என்று வரும்போது, எளிய பிஸ்டன் வகை போதும். ஸ்கூபாப்ரோ எம்கே2 அப்படிப்பட்டது. சமன் செய்யப்படாத அமைப்பு என்பதால் சிலிண்டர் காலியாகும் நேரத்தில் மூச்சிழுப்பது சற்றே கனக்கும். 18 மீட்டர், வெதுவெதுப்பான நீர், அவசரமில்லாத நீச்சல் என்றால் அது ஒரு குறையாகத் தெரியாது. அசையும் உறுப்புகள் குறைவு, சர்வீஸ் செலவும் குறைவு. வாங்கும் முன் விலையைக் கேட்பதோடு, அந்த மாதிரிக்கான சர்வீஸ் உறுப்புகளை வைத்திருக்கும் தொழில்நுட்பர் பக்கத்தில் யார், ஒரு சர்வீஸுக்கு என்ன வாங்குகிறார் என்றும் கேளுங்கள். ஆண்டுக்கொரு முறை அல்லது நூறு டைவுக்கொரு முறை என்பது வழக்கமான அறிவுரை. சில தயாரிப்பாளர்கள் இரண்டாண்டு அனுமதிக்கிறார்கள்.

2 மார்ச் 2024

பழைய பிசிடி வாங்கியிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தங்கள் இன்ஃப்ளேட்டரை (பிசிடிக்குள் காற்றை விடும் பொத்தான் உள்ள பகுதி) ஒரு முறை எடுத்துப் பாருங்கள். நேற்று புதுச்சேரியின் செயற்கைப் பாறைத்திட்டில், 17 மீட்டரில், மிதப்பைச் சரிசெய்யக் காற்றுப் பொத்தானை ஒரு கணம் தொட்டேன். விரலை எடுத்த பிறகும் காற்று நிற்கவில்லை. காதருகே சீறல் மட்டும் கேட்கிறது, தோள்கள் இறுகுகின்றன, கம்ப்யூட்டர் வேக எச்சரிக்கை கொடுக்கிறது. இடது கையால் குழலை உயர்த்திக் காற்றை வெளியேற்றிக்கொண்டே, வலது கையால் காற்று ஹோஸின் இணைப்பு வளையத்தைப் பின்னுக்கு இழுத்துக் கழற்றினேன். நின்றபோது 9 மீட்டர். அங்கே காற்றின் அளவு, 17 மீட்டரில் இருந்ததைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆகிவிடும். இன்னும் சில நொடிகள் தாமதித்திருந்தால் அந்த விரிவே என்னை மேலே கொண்டுபோயிருக்கும்.

கரையில் பொத்தானைப் பிரித்துப் பார்த்தேன். தண்டைச் சுற்றிக் கல்லுப்பு போலப் படிகங்கள். பிசிடியின் வெளிப்புறத்தை ஒவ்வொரு முறையும் கழுவியிருக்கிறேன்; பொத்தானை அழுத்தி அழுத்தி நன்னீரை அதற்குள் செலுத்தியதில்லை. பிழை என்னுடையது. கழுவும் தொட்டியில் அரை மணி நேரம் ஊறவைத்து, பொத்தானைப் பலமுறை அழுத்தி, பைக்குள் நன்னீர் விட்டுக் குலுக்கி, வடித்து, பாதி ஊதிய நிலையில் நிழலில் தொங்கவிடுங்கள். ஹோஸைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பில் கழற்ற, கரையிலேயே பழகுங்கள். வாடகைச் சாதனமானாலும் இறங்கும் முன் இதைச் செய்து பார்க்கலாம்.

17 மார்ச் 2024

தம்பியின் கணக்கு, அவருடைய அனுமதியோடு: மாஸ்க் 4,200, பவர் வில்லைகள் 5,000, கம்ப்யூட்டர் 22,500, ஃபின்னும் பூட்ஸும் 9,800, வலை வெட்டி, விசில், மிதவைக் குழல் மூன்றும் 3,400. மொத்தம் 44,900 ரூபாய்; அந்தப் பழைய தொகுதியின் விலையை விட நூறு ரூபாய் குறைவு. இப்போது 34 டைவ் ஆகியிருக்கின்றன. அடுத்ததாக ரெகுலேட்டர் என்கிறார். நேற்று அவரோடு சர்வீஸ் செய்பவரிடம் போய், யோக் வகை எம்கே2வுக்கான உறுப்புகள் கையிருப்பில் உள்ளனவா என்று கேட்டு வந்தோம். உள்ளன. ஏப்ரலில் வாங்குகிறார்.